செம்பின் மேல் ஓர் அணு கனத்தில்

ஒகேனக்கல்லுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அருவி எங்கே என்று. எங்கள் ஊர்க்காரர்கள் அவர்களிடம் முதலில் கேட்பது எண்ணெய் தேய்க்கலாமா என்று. அருவிக்குப் போகிற வழியில் பாறைமேல் ஆட்களைப் படுக்கவைத்து, முதுகிலும் தோளிலும் தட்டித் தட்டித் தேய்ப்பார்கள். தேய்த்த எண்ணெயோடு போய் அருவியில் நிற்பார்கள். அவ்வளவு எண்ணெயும் காவிரிக்குத்தான். பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் அது பரவும்போது நீலமும் சிவப்புமாக வளையங்கள் தெரியும்.

சிறுவயதில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த நிறங்கள் அல்ல. எண்ணெய் பரவிய குழியில் காற்றடித்தாலும் சிற்றலை எழும்பாது. பக்கத்துக் குழியில் தண்ணீர் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். இதில் ஒரு சுருக்கம் விழாது. நிறம் எதுவும் தெரியாத இடத்தில்கூட, எண்ணெய் இருப்பதே கண்ணுக்குப் புலப்படாத ஓரத்தில்கூட, தண்ணீர் அடங்கிக் கிடக்கும். பரிசல் ஓட்டிய அப்பாவுக்கு அது புதிதல்ல. “எண்ணெ பட்டா தண்ணிக்குச் சோம்பல் வந்துரும்பா” என்பார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச அவருக்கு நேரம் இருக்காது. நீரளவு எடுக்கும் பிலிகுண்டுலுவில் எத்தனை ஆயிரம் கன அடி வருகிறது, நாளைக்குப் பரிசலை இறக்க விடுவார்களா என்பதுதான் அவருடைய கவலை.

அப்பா ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போனதை பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டன் கிளாப்பம் பகுதியின் குளமொன்றில் செய்துபார்த்து, 1774-ல் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதியிருக்கிறார் என்பதைக் கல்லூரியில்தான் படித்தேன். ஒரு தேக்கரண்டிக்கு மிகாத எண்ணெய் அரை ஏக்கர் நீரை அடக்கிவிட்டது. 1890-ல் ராலே பிரபு அந்தப் படலத்தின் கனத்தைக் கணக்கிட்டார், ஏறத்தாழ 1.6 நானோமீட்டர் வந்தது. எண்ணெய் மூலக்கூறு ஒன்றின் நீளம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அடுத்த ஆண்டே ஜெர்மனியின் ஆக்னஸ் போக்கல்ஸ் தன் வீட்டுச் சமையலறையில் நீர்ப்பரப்பின் இழுவிசையை அளந்த விவரம் ஒரு கடிதமாக நேச்சர் இதழில் வந்தது. பல்கலைக்கழகத்துக்குள் கால்வைக்க வாய்ப்பே கிடைக்காத ஒரு பெண் செய்த வேலை அது. இன்றைக்கும் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடும். ஆள் உயர ஆழமுள்ள தண்ணீரின் நடத்தையை ஒரு மூலக்கூறு கனமுள்ள படலம் மாற்றிவிடுகிறது. அதை ஒரு தகரத் தொட்டியும் தராசும் வைத்துக்கொண்டு அளக்கவும் முடிகிறது.

உலோகத்தின் மேலும் அலைகள் உண்டு என்று தெரிந்தது சேலத்தில் கல்லூரி நூலகத்தில். பழைய அறிவியல் இதழ் ஒன்றில் ஒரு படம் இருந்தது: செம்பின் வழுவழுப்பான முகத்தில் 48 இரும்பு அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி வட்டமாக நிறுத்தியிருந்தார்கள். அந்த வட்டத்துக்குள் அலைகள் வளையம் வளையமாக நின்றன. கலிபோர்னியாவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் குரோமி, லட்ஸ், ஐக்லர் மூவரும் 1993-ல் எடுத்த படம் அது. அலையடித்தது எலக்ட்ரான்கள். உலோகத்தின் உட்புறம் அவற்றை ஏற்காது; வெளியே வெற்றிடத்துக்கு ஏற அவற்றுக்கு ஆற்றல் போதாது. ஆகவே மேற்பரப்பிலேயே தங்கி, இரண்டு பரிமாணத்தில் மட்டும் ஓடுகிற எலக்ட்ரான்கள் அவை. இப்படி ஒரு நிலை இருக்க வேண்டும் என்று வில்லியம் ஷாக்லி 1939-லேயே கணக்குப்போட்டு வைத்திருந்தார். செம்பின் அறுகோண முகத்தில், அதாவது அணுக்கள் அறுகோணமாக அடுக்கிய முகத்தில், அந்த அலையின் நீளம் சுமார் 3 நானோமீட்டர்.

அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மனதில் இருந்தது ஒரே கேள்வி. பாறைக்குழித் தண்ணீரின் மேல் எண்ணெய் பரவியதுபோல இந்த அலைகளின் மேல் ஏதாவது ஒன்று ஒற்றை அடுக்காகப் பரவினால் என்ன ஆகும்? என் ஆராய்ச்சி வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு கேள்வியின் பின்னால்தான் போயிருக்கிறது.

பதில் சொல்லத் தகுந்த பொருள் அதற்குள் உலகுக்குக் கிடைத்துவிட்டிருந்தது. கிராஃபைட்டிலிருந்து ஒட்டுநாடாவால் உரித்து உரித்து ஒற்றை அணு கனமுள்ள கார்பன் தாளான கிராஃபீனை மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் 2004-ல் தனியே எடுத்துக் காட்டினார்கள். 2010-ல் நோபல் பரிசு. ஆனால் உலோகப் பரப்பை ஆராய்கிறவர்களுக்கு அந்தத் தாள் முன்பே அறிமுகம். பிளாட்டினத்தையும் ருத்தேனியத்தையும் நிக்கலையும் சூடாக்கினால் மேலே கார்பன் படிந்து, ஒழுங்கான அறுகோண வலையாக நிற்பதை 1960-களிலும் 70-களிலும் பார்த்திருக்கிறார்கள். நிக்கலின் மேல் அது சரியாக ஒரே அடுக்காக உருவாவதைக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிளேக்லியின் குழு 1974-ல் விரிவாக எழுதியது. வினையூக்கி வேலைசெய்யவிடாமல் தடுக்கிற அழுக்கு என்றுதான் பலர் அதைச் சுரண்டி எறிந்தார்கள். அந்தக் காலத்துக் கட்டுரைகளை இப்போதும் மாணவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன். அழுக்கு என்று பெயர் வைத்ததையும் அவ்வளவு பொறுமையாக அளந்து எழுதிவைத்திருக்கிறார்களே, அதற்காக.

பெங்களூரில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தது ஒரு குவார்ட்ஸ் குழாய் உலை. 25 மைக்ரான் கனமுள்ள செம்புத் தகட்டை அதற்குள் தள்ளி, ஹைட்ரஜனை ஓடவிட்டு, 1,000 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி, பிறகு மீத்தேனைத் துளித்துளியாக விடவேண்டும். டெக்சாஸில் ரோட்னி ரூஃப்பின் குழு 2009-ல் வெளியிட்ட முறை. செம்பு தன்னுள்ளே கார்பனைக் கரைத்துக்கொள்வதே இல்லை எனலாம். மீத்தேன் செம்பின் பரப்பில் பட்டுத்தான் உடையும். பரப்பு முழுக்கக் கார்பன் மூடியதும் உடைக்க இடமில்லை. வளர்ச்சி தானாக நின்றுவிடும். ஒரே அடுக்கு. நிக்கல் அப்படியல்ல: சூட்டில் கார்பனைக் குடித்துவைத்துக்கொண்டு, ஆறும்போது வெளியே தள்ளும், எத்தனை அடுக்கு வரும் என்று சொல்ல முடியாது.

தகட்டை வெளியே எடுத்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. போட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே செம்பு. கிராஃபீன் வந்திருக்கிறதா என்று பார்க்க எங்கள் ஆய்வகத்தில் ஓர் எளிய வழி வைத்திருந்தோம். தகட்டை ஹாட் பிளேட்டில் வைத்து 200 டிகிரிக்குச் சற்றுக் கீழே சூடாக்குவது. வெறும் செம்பு சில நிமிடங்களில் சிவந்து, பழுப்பாகி, மங்கிவிடும். கிராஃபீன் மூடிய பகுதி மட்டும் புதுச் செம்பாக மின்னும். வளர்ச்சியைப் பாதியில் நிறுத்திய தகடுகளில் கிராஃபீன் தீவுகள் ஆறுமுனை நட்சத்திரங்களாகச் சிவப்புப் பின்னணியில் நிற்பதை நுண்ணோக்கியில் பார்ப்பேன். மூன்றில் ஒரு நானோமீட்டர் கனம். அது காற்றின் ஆக்ஸிஜனைத் தடுத்து நிறுத்துவதை ஒரு சாதாரண நுண்ணோக்கி காட்டிக்கொடுக்கிறது. ஆய்வகத்தில் நான் பார்த்தவற்றில் இதைவிட அழகானது எதுவும் இல்லை.

ஆனால் என் வேலை நிறத்தோடு முடியவில்லை. கிராஃபீனுக்கு அடியில் செம்பின் எலக்ட்ரான்களுக்கு என்ன நேர்கிறது என்பதுதான் கேள்வி.

உலோகம் அதன் கடைசி வரிசை அணுவோடு முடிந்துவிடுவதில்லை. எலக்ட்ரான்கள் அந்த எல்லையைத் தாண்டி வெளியே கொஞ்சம் கசிந்து நிற்கும். வெளியே எதிர்மின்னூட்டம், உள்ளே நேர்மின்னூட்டம் என்று மேற்பரப்பில் ஒரு மெல்லிய இரட்டை அடுக்கு உருவாகிறது. ஓர் எலக்ட்ரானை உலோகத்திலிருந்து பிடுங்கி வெளியே கொண்டுவரத் தேவைப்படும் வெளியேற்று ஆற்றலில் ஒரு பங்கு இந்த இரட்டை அடுக்கைக் கடப்பதற்கே செலவாகிறது. அங்கே கிராஃபீன் வந்து 0.33 நானோமீட்டர் உயரத்தில் படுக்கிறது. செம்போடு அது வேதிப்பிணைப்பு ஏதும் வைத்துக்கொள்வதில்லை. இருந்தாலும் ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்ற பௌலியின் விதி அங்கேயும் உண்டு. கிராஃபீனின் எலக்ட்ரான்கள் செம்பிலிருந்து கசிந்த எலக்ட்ரான்களைத் திரும்ப உள்ளே தள்ளுகின்றன. இரட்டை அடுக்கு மெலிகிறது. வெளியேற்று ஆற்றல் குறைகிறது.

இதனால் நடப்பது முதலில் எனக்கு நம்ப முடியாததாக இருந்தது. கிராஃபீனின் வெளியேற்று ஆற்றல் ஏறத்தாழ 4.5 எலக்ட்ரான் வோல்ட். செம்பின் அறுகோண முகத்துக்கு அதைவிட அதிகம். பாடப்புத்தகக் கணக்குப்படி எலக்ட்ரான்கள் கிராஃபீனிலிருந்து செம்புக்கு இறங்க வேண்டும். உண்மையில் செம்பிலிருந்து கிராஃபீனுக்கு ஏறுகின்றன. 2008-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள்: இந்தத் தள்ளலையும் சேர்த்துக்கொண்டால், எலக்ட்ரான் எந்தத் திசையில் போகும் என்பது மாறுகிற இடம் 4.5-ல் இல்லை, 5.4-க்குப் பக்கத்தில் இருக்கிறது. அலுமினியம், வெள்ளி, செம்பு ஆகியவை கிராஃபீனுக்குக் கொடுக்கும். தங்கமும் பிளாட்டினமும் அதனிடமிருந்து எடுத்துக்கொள்ளும். நிக்கலும் கோபால்ட்டும் இந்தப் பேச்சுக்கே வெளியே. நிக்கலின் மேல் கிராஃபீன் 0.21 நானோமீட்டருக்கு இறங்கி இறுகப் பிணைந்து, தன் எலக்ட்ரான் அமைப்பையே இழந்துவிடுகிறது.

நூலகத்தில் பார்த்த அந்த அலைகள்? அவை அழிவதில்லை. என் பாறைக்குழி ஒப்புமை இந்த இடத்தில் பாதிதான் பொருந்துகிறது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை. எண்ணெய் சிற்றலையை அடக்கிவிடும். கிராஃபீன் மேற்பரப்பு எலக்ட்ரான்களை அடக்குவதில்லை; அவை தங்கியிருக்கும் ஆற்றல் மட்டத்தை உயர்த்துகிறது. வெறும் செம்பில் அந்த எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டையின் அடிமட்டம், எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச மட்டமான ஃபெர்மி மட்டத்துக்குக் கீழே சுமார் 0.4 எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கும். கிராஃபீன் மூடியதும் அது மேலே நகர்கிறது. அங்கே தங்கும் எலக்ட்ரான்கள் குறைகின்றன, அலை நீளுகிறது. ஊசிமுனையால் பரப்பை வருடும் எஸ்.டி.எம். கருவி கிராஃபீனைத் தாண்டி அடியிலுள்ள செம்பின் அலையைக் காட்டும். அந்த மட்டம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதே கிராஃபீன் உலோகத்தை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதற்கு அளவுகோலாகிவிடுகிறது.

2012-ல் பெர்லினிலிருந்து வந்த ஒரு கட்டுரை எங்கள் குழுவில் எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது. இரிடியத்தின் மேற்பரப்பு எலக்ட்ரான்கள் கிராஃபீனுக்கு அடியில், காற்றில் வெளியே எடுத்துவைத்த பிறகும், சுழற்சியால் பிளவுண்ட தங்கள் நிலையோடு அப்படியே இருந்தன என்றது அது. மேற்பரப்பு நிலை என்பது மிக உயர்ந்த வெற்றிடத்தில் பூப்போலப் பொத்திவைத்துப் பார்க்கவேண்டியது என்றுதான் அதுவரை எங்களுக்குப் பழக்கம்.

அடுத்த ஆண்டு வந்தது அதற்கு நேர் எதிரான செய்தி. பெர்க்லி ஆய்வாளர்கள் கிராஃபீன் மூடிய செம்பை நீண்ட காலம் அறைக்காற்றில் விட்டுப் பார்த்தார்கள். வெறும் செம்பைவிட அதுதான் அதிகம் அரித்துப்போயிருந்தது. ஒன்றுமே பூசாமல் விட்டிருந்தால் தேவலை என்ற பொருளில் தலைப்பே வைத்திருந்தார்கள். எழுதியவர்களின் பட்டியலில் மைக்கேல் குரோமி என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. 48 இரும்பு அணுக்களை வட்டமாக நிறுத்திய அதே குரோமி.

காரணம் மறுபடியும் எலக்ட்ரான்தான். வெறும் செம்பில் முதலில் உருவாகும் ஆக்ஸைடு படலம் மின்சாரத்தை எளிதில் விடாது. ஆகவே அரிப்பு தானே மந்தமாகிவிடும். கிராஃபீனோ அருமையான மின்கடத்தி. அதில் எங்காவது ஒரு வெடிப்போ இணைப்புக்கோடோ இருந்தால் அங்கே ஈரம் புகுந்து செம்பு அயனியாகக் கரையும். கரையும்போது விட்டுச்செல்லும் எலக்ட்ரான்களைக் கிராஃபீன் தன் பரப்பு முழுவதும் கொண்டுபோய் ஆக்ஸிஜனிடம் சேர்க்கும். அரிப்பு நிற்க வழியே இல்லை. சில நிமிடச் சூட்டில் செம்பைக் காப்பாற்றிய அதே தாள், மாதக்கணக்கில் அதைத் தின்னத் துணைபோகிறது.

இதை ஈரக்காற்றில் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் வீட்டைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியாது. ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போனபோது ஒரே சுருளிலிருந்து வெட்டிய இரண்டு தகடுகளை எடுத்துக்கொண்டு போனேன். ஒன்று வெறுமனே, ஒன்று கிராஃபீனோடு. ஓசூர், அஞ்செட்டி வழியாகக் காட்டுப்பாதையில் பேருந்து இறங்கும்போதே கபினித் தண்ணீர் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஒகேனக்கல்லை ஒட்டிய ஊட்டமலையில் எங்கள் வீட்டு ஜன்னல் மாடத்தில் அருவிச் சாரல் நேராகப் படாது. ஆனால் வெள்ளக் காலத்தில் காற்றிலேயே தண்ணீர் இருக்கும், தீப்பெட்டி நமுத்துப்போகும். கண்ணாடித் தட்டில் இரண்டையும் அங்கே வைத்தேன்.

அம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதென்ன, புளி போட்டுத் தேய்ச்ச மாதிரி இருக்குது?” உண்மையும் அதுதான். உலையில் வைக்குமுன் நாங்கள் அசிட்டிக் அமிலத்தில் முக்கி ஆக்ஸைடை நீக்குவோம். அம்மா தன் செம்புக் குடத்துக்குத் தருமபுரிப் புளியால் செய்கிற வேலையும் ஆக்ஸைடை அமிலத்தில் கரைப்பதுதான். அதைச் சொன்னேன். “அப்ப இது கறுத்தா தேய்ச்சு வைக்கட்டுமா?” என்று கேட்டார். வேண்டாம்மா, கறுக்கட்டும், தொடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. “மூடியிருக்குதுங்கிற, கண்ணுக்குத் தெரியலைங்கிற. பின்ன எப்படித்தான் தெரியும்?” எண்ணெய்க்குழி ஓரத்தில் நிறமே தெரியாத இடத்திலும் தண்ணீர் அடங்கிக் கிடக்குமே என்று நினைவூட்டினேன். “அது சரி” என்று தலையாட்டினார். அப்பாவிடம் என் வேலையை அதற்குமுன் அவ்வளவு சுருக்கமாகச் சொல்ல எனக்கு வாய்த்ததில்லை.

பொங்கலுக்குத் திரும்பியபோது வெறும் தகடு சீராக மங்கியிருந்தது, எந்த வீட்டுச் செம்புப் பாத்திரமும் மங்குவதுபோல. கிராஃபீன் தகடு அப்படியில்லை. கறுத்த கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, அவற்றை ஒட்டித் திட்டுத்திட்டாகக் கறுமை படர்ந்திருந்தது. பெர்க்லிக்காரர்கள் சொன்னது அப்படியே எங்கள் மாடத்தில் நடந்திருந்தது. ஆனால் அந்தக் கறுமைக்கு நடுவே ஒன்றிரண்டு திட்டுகள் உலையிலிருந்து அன்றைக்குத்தான் எடுத்ததுபோல மின்னின. ஓரங்கள் வெட்டினாற்போல நேராக இருந்தன. விரல் வைத்து மூடிப் பார்த்தேன், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அந்தத் திட்டுகளுக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. அதே தாள், அதே செம்பு, அதே சாரல் காற்று.

அந்தத் தகட்டைப் பத்திரமாகப் பெங்களூருக்குக் கொண்டுவந்து எக்ஸ்-கதிரால் சோதித்தோம். உருட்டித் தயாரிக்கும் செம்புத் தகட்டைச் சூடாக்கினால் பெரும்பாலும் அணுக்கள் சதுரமாக அடுக்கிய முகம்தான் மேலே வரும். கறுத்த பகுதி அதுதான். மின்னிய திட்டுகள் அறுகோண முகம் காட்டிய படிக மணிகள். ஷாக்லியின் எலக்ட்ரான்கள் அலையடிக்கிற அதே முகம். ஏன் அந்த முகம் மட்டும் தப்பியது என்று அப்போது எங்களால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. 2018-ல் வந்த ஒரு கட்டுரை தெளிவாக்கியது: அறுகோணச் செம்பும் கிராஃபீனும் கிட்டத்தட்ட ஒரே அளவு வலைகள். ஒன்றன்மேல் ஒன்று அணுவுக்கு அணு பொருந்தி உட்காரும்போது கிராஃபீன் செம்போடு சற்று நெருக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. இடையே தண்ணீர் நுழைய வழியில்லை. அப்படிப்பட்ட செம்பு ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்கில் மங்காமல் இருந்தது. சதுர முகத்தின் மேல் வலைகள் பொருந்துவதில்லை. கிராஃபீன் தொய்ந்தும் எழும்பியும் கிடக்கிறது, அந்தப் பள்ளம்மேடுகளின் வழியே ஈரம் உள்ளே போய்விடுகிறது.

பூச்சு எது என்பதைவிட அது எந்த முகத்தின் மேல் எப்படிப் படுத்திருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று அன்றிலிருந்து என்னிடம் வரும் ஒவ்வொரு மாணவரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். கிராஃபீன் துருவைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்கிறவர்களிடமும் அதையேதான் கேட்பேன். இப்போது எங்கள் உலையில் சதுர முகத் தகடுகளை வெகுநேரம் சூட்டிலேயே வைத்திருந்து, முழுத் தகட்டையும் ஒரே அறுகோணப் படிகமாக்கும் வேலை நடக்கிறது. கைநீளத் தகடு ஒன்று சரியாக வந்ததும் அதை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை எஸ்.டி.எம். கருவிக்குள் வைத்து அடியில் அலை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளப்போம். மறுபாதி அடுத்த வெள்ளக் காலத்துக்குள் ஊட்டமலைக்குப் போகும்.